தலைக்கவசமும் வெள்ளைப் பூவும்

என் மச்சான் வளைகுடாவிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது, கந்தர்வக்கோட்டை வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். சென்ட் பாட்டில்கள் வந்தன. கோடாலித் தைலம் வந்தது. பால்பவுடர் டின் வந்தது. கடைசியாக, அவருடைய பனியன்களில் பொதிந்து வைக்கப்பட்டு, சுண்டுவிரல் உயரத்தில் பிளாஸ்டிக் சிப்பாய்கள் வந்தார்கள். ஒரு பட்டாளமே வந்தது.

"இதெல்லாம் யாரு புள்ளைகளுக்குண்ணே?" என்று கேட்டாள் என் மனைவி. அவள் அவருடைய தங்கை.

"எனக்குத்தான்" என்றார் அவர்.

அந்த நாட்டில் வெயில் அதிகம் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள்.

அது ஒரு போர் விளையாட்டு. அங்கே தொழிலாளர் முகாமில் அவரோடு தங்கியிருந்த ஒருவர் கற்றுக்கொடுத்தாராம். கதை வருங்காலத்தில் நடக்கிறது. எங்கோ ஒரு சூரியன் அணைந்துவிட்டது. மிச்சமிருக்கிற சூட்டுக்காக ஐந்து படைகள் அடித்துக்கொள்கின்றன. மேசை மேல் சிப்பாய்களை நிறுத்த வேண்டும், டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும், பகடை எறிந்து சுட வேண்டும். விதிப்புத்தகம் செங்கல் கனம். அதை அவர் படிக்கிற பக்தியோடு வேறு எதையாவது படித்திருந்தால் இந்நேரம் மாவட்ட நீதிபதியாகியிருப்பார்.

எதிரே உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டது. புதிதாகப் பெண்ணெடுத்த வீட்டில் மாப்பிள்ளைக்கு எல்லா மரியாதையும் உண்டு, எழுந்து போகிற உரிமை மட்டும் கிடையாது. நான் உட்கார்ந்தேன். இருபது வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதும் அங்கேதான். அவர் தோப்பு முந்திரிக்கொட்டைகள்தான் எங்கள் கிரகத்தின் பாறைகள். என் மனைவியின் தையல் டேப்தான் எங்கள் விண்வெளித் தூரம்.

மச்சானுடையது கருங்கவசப் படை. வெல்வதற்கென்றே பிறந்தது. எனக்கு ஒதுக்கப்பட்டது சாம்பல் படை. அவர்களுக்குக் கவசம் கிடையாது, உருப்படியான துப்பாக்கி கிடையாது, கூட்டம் மட்டும் உண்டு. ஒருவன் செத்தால் பின்னாலிருந்து இன்னொருவன் வந்து நிற்பான். புதுக்கோட்டை பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் எனக்கு, பெட்டியைத் திறந்து அவர்களைப் பார்த்ததுமே சொந்தக்காரர்களைப் பார்த்தது போலிருந்தது.

எங்களுக்குள் சண்டைகள் உண்டு. ஒருமுறை நான் பகடை எறிந்துகொண்டிருக்கும்போது மச்சான் பக்கத்திலிருந்து தன் பீரங்கியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். நல்ல எண் விழுந்தது. அது தன் பீரங்கிக்குத்தான் என்றார். அரை நாள் வாதாடினோம். கடைசியில் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பகடை யார் கையிலிருந்து விழுகிறதோ எண் அவருக்கே என்று இருந்தது. ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் தன் பீரங்கியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். சொந்தத் தங்கை சொன்னால் கேட்கமாட்டார், ஊர்ப் பெரியவர்கள் சொன்னால் கேட்கமாட்டார், அந்தப் புத்தகம் சொன்னால் கேட்பார்.

அந்தப் புத்தகம் ஒரே ஒரு விஷயத்தில்தான் வாய் திறக்கவில்லை. கருங்கவசத்தார் தலைக்கவசத்தைக் கழற்றுவதே இல்லை. உள்ளே இருப்பது மனிதனா, எந்திரமா, ஒன்றுமே இல்லையா என்பது எந்தப் பக்கத்திலும் கிடையாது. உலகமெங்கும் இதை ஆடுகிறவர்கள் இதற்காகக் கட்சி கட்டிக்கொண்டு திட்டிக்கொள்கிறார்கள். மச்சான் வெற்றுக்கூட்டுக் கட்சி.

"உள்ள ஒண்ணுமே இல்ல மாப்ள. வெறுங் கூடு. உத்தரவு மட்டும்தான் உள்ள நிக்குது" என்பார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

இதே மனிதர் புதுக்கோட்டைக்கு பைக்கில் வரும்போது ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்து, குழந்தையைப் போல் ஒரு கையால் அணைத்துக்கொண்டு வருவார். போலீஸ் நிற்கிற வளைவு வந்தால்தான் அது தலைக்கு ஏறும். வளைவு தாண்டியதும் மறுபடி இறங்கிவிடும்.

இப்படி எங்கள் பாட்டுக்கு இருந்தபோதுதான், அந்த விளையாட்டை வைத்து வெளிநாட்டில் படம் எடுக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தது.

எங்கள் மாவட்டத்தில் இதை ஆடுகிறவர்கள் மொத்தம் மூன்று பேர். மூன்றாமவர் கட்டுமாவடியில் மீன் ஏலம் எடுக்கிறவர். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மூன்று பேருமே நிர்வாகிகள். நிர்வகிக்கப்படுவதற்குத்தான் ஆள் இல்லை. சேதி வந்த அன்றே குழு கொதித்தது. படத்துக்குக் கதை எழுதப்படவில்லை, நடிகர் முடிவாகவில்லை, ஒரு காட்சி எடுக்கப்படவில்லை. ஆனால் அதில் என்னென்ன தவறுகள் இருக்கின்றன என்பதை நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம்.

கட்டுமாவடிக்காரர் குரல் பதிவாகத்தான் பேசுவார். பின்னால் ஏலக் கூச்சல் கேட்கும். "தண்ணில ஒரு சண்ட இல்லைன்னா நான் அந்தப் படத்தப் பாக்கமாட்டேண்ணே, ஆமா."

சூரியனே அணைந்த கதையில் கடலெல்லாம் உறைந்து கிடக்கிறதே என்று நான் எழுதினேன்.

"ஒறஞ்ச கடலுன்னா கடல் இல்லையா? எங்க ஐஸ்பெட்டில கெடக்குற மீனு மீன் இல்லையா?"

உள்ளூர் ரசிகர்கள் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவதைப் பார்த்து நாங்கள் வெகு காலமாகச் சிரித்துவந்திருக்கிறோம். நான் நாலு புத்தகம் படித்தவன் வேறு. என் சிரிப்பில் ஒரு நாசூக்கு இருக்கும். யோசித்துப் பார்த்தால் அந்தப் பையன்கள் தேவலாம். ஒரு பால் பாக்கெட்டோடு அவர்கள் கடமை முடிந்துவிடுகிறது, படம் பிடித்துவிட்டால் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார்கள். நாங்கள் ஊற்றுவது பித்தம். அது பாக்கெட்டில் வராது, வருடக்கணக்கில் ஊறுகிறது. படம் ஒருவேளை நன்றாக இருந்துவிட்டால் அப்புறம் என்ன பேசுவது என்ற பயத்தில்தான் எங்களுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. கருங்கவசத்தின் தோள்பட்டைக் கோடு செம்மண் நிறமா செங்கல் நிறமா என்று ஒரு மழைக்காலம் முழுவதும் பேசியிருக்கிறோம். அந்த மழையில் மச்சான் தோப்பில் இரண்டு மரம் சாய்ந்தது. அவர் கவனிக்கவில்லை.

என் எதிர்பார்ப்பு எளிமையானது. என் சாம்பல் படை ஏதாவது ஒரு காட்சியில், மூலையில், கண் சிமிட்டும் நேரம் வந்து போனால் போதும். ஓடுகிற மாதிரி இருந்தாலும் சரி.

மச்சானுக்கு ஒரே மகள், தாயில்லாதவள். புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். ரத்தத்தைப் பார்த்து ஆளை எடைபோட்டுவிடுகிற பிள்ளை, பேச்சு குறைவு. அவளுக்குப் பொன்னமராவதியில் ஒரு வரன் வந்தது. அப்பா இரும்புக்கடை, பையனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஜாதகம் பொருந்தியது. அதற்கு வெகு முன்பே அவர்கள் இருவரும் பொருந்திவிட்டிருந்தார்கள். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். இந்த முதல் பொருத்தம் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரியும்.

பெண் பார்க்க வருவதற்கு முன் அவள் என்னிடம் வந்தாள்.

"மாமா, அவரும் அந்த வெளாட்டு வெளாடுவாரு. கம்ப்யூட்டர்ல. அப்பாகிட்ட அதப் பத்திப் பேசச் சொல்லிருக்கேன். அப்பா அப்படியே உருகிருவாரு பாருங்க."

உருகுவார்தான். நெய்யும் உருகும், ஈயமும் உருகும்.

அவர்கள் வந்தார்கள். கேசரி வைத்தோம், முந்திரிப் பக்கோடா வைத்தோம். பையன் நெற்றியில் திருநீறு, கையில் பழத்தட்டு, குனிந்து கும்பிட்டான். நிமிரும்போது கூடத்தில் இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்தான். சாமி படங்களுக்குக் கீழே, சாமி படங்களைவிடச் சுத்தமாகத் துடைக்கப்பட்டு, கருங்கவசப் படை நின்றிருந்தது.

"மாமா, எல்லாம் நீங்களே பெயின்ட் பண்ணதா?" என்றான்.

மச்சான் முகம் மலர்ந்தது. "ஒங்களுக்கு இதெல்லாம் தெரியுமா தம்பி? ஆடுவீங்களா?"

"ஆடுவேன் மாமா. கம்ப்யூட்டர்ல."

"அது ஆடுறது இல்ல, தட்டுறது" என்றார் மச்சான். ஆனால் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். பக்கோடாத் தட்டைப் பையன் பக்கம் நகர்த்தினார். நான் மூச்சுவிட்டேன். அங்கேயே அவன் நிறுத்தியிருக்கலாம்.

"படம் வரட்டும் மாமா. மொத நாளே பாத்துருவேன். ஹீரோ ஹெல்மெட்டக் கழட்டுற மாதிரி ஒரு சீன் வப்பாங்க பாருங்க, தியேட்டரே அதிரும்."

நான் இருமினேன். பையன் அதை இருமல் என்றே எடுத்துக்கொண்டான்.

"எதுக்குக் கழட்டணும்?" என்றார் மச்சான்.

"மூஞ்சியக் காட்டணும்ல மாமா. அம்புட்டுச் சம்பளம் வாங்குற நடிகரு மூஞ்சியக் காட்டாம இருப்பாரா? என்ன இருந்தாலும் உள்ள மனுசன்தானே இருக்கான்."

"உள்ள மனுசன் இருக்கான்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"பின்ன யாரு மாமா இருப்பா?"

பையனின் அப்பா கேசரியை வாய்க்கு எடுத்துப்போன கையை நிறுத்தினார். "உள்ள யாருங்க இருக்கா? கூப்பிடுங்க, அவங்களும் வந்து உக்காரட்டும்."

அந்த நேரத்தில்தான் பெண் காபித் தட்டோடு வந்தாள். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்து நின்றாள். பெண் பார்க்கக் கூடிய கூட்டத்தில் ஒருவரும் பெண் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் இல்லாத ஒரு தலைக்கவசத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். காபி ஆறியது.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் மச்சான் சொன்னார்: "இது சரிப்படாது."

"ஏண்ணே?" என்றாள் என் மனைவி. "பையனுக்கு என்ன கொற? நல்ல வேல, நல்ல குடும்பம்."

"எல்லாம் சரிதான். அடிப்படையில ஒரு நம்பிக்கை இல்லாத ஆளா இருக்காரு."

"என்ன நம்பிக்கண்ணே? பட்ட நெறைய துன்னூறு பூசிட்டு வந்துருக்காரு, இன்னும் என்ன பூசணும்?"

அவர் என்னவென்று சொல்வார்? பெண்ணின் திருமணத்தைத் தட்டிக்கழிக்க எங்கள் பக்கத்தில் ஆயிரம் காரணங்கள் புழக்கத்தில் உண்டு. பல்லி சொல்லியிருக்கிறது, பூனை குறுக்கே போயிருக்கிறது, பந்தியில் அப்பளம் உடைந்திருக்கிறது. பிளாஸ்டிக் பொம்மையின் மண்டைக்குள் ஆள் இருக்கிறான் என்று நம்பியதற்காக ஒரு வரனைத் திருப்பி அனுப்பிய குடும்பம் இதுவரை இல்லை.

மகள் அடுப்படியில் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள்.

"ஒரு ஹெல்மெட்டுக்காகவா மாமா?"

"வெளிய சொல்லிராத ஆத்தா, சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். எனக்கு வேற எடம் பாக்கச் சொல்லாதீங்க. இவரு இல்லைன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம். அத மட்டும் அப்பாகிட்ட சொல்லிருங்க."

நான் சொன்னேன். மச்சான் கேட்டுக்கொண்டார். அவருக்கும் மகள் என்றால் உயிர். ஆனால் கொள்கை என்று ஒன்று வந்துவிட்டால் மனிதன் உயிரைக்கூடக் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்கிறான். பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்தார். கடைசியில் என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள்.

"ஒங்க மனசும் வேண்டாம், எங்க மனசும் வேண்டாம். அய்யனார்கிட்ட பூக் கேட்டுப் பாத்துருவோம். அவரு சொல்லட்டும்."

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனி இலைப் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் போடுவார்கள். கேட்பவர் கேள்வியை மனதுக்குள் நினைக்க வேண்டும். ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆமாம், சிவப்பு வந்தால் இல்லை. கிணறு வெட்டுவது, மாடு வாங்குவது, வளைகுடா போவது எல்லாம் இப்படித்தான் முடிவாகின்றன. மச்சானே அப்படிக் கேட்டுத்தான் விமானம் ஏறினார். அவரால் மறுக்க முடியவில்லை.

முந்திரித் தோப்பு தாண்டி, கண்மாய்க்கரையில் கோயில். வழியின் இருபுறமும் மண்குதிரைகள், பழையவை கால் உடைந்தும் புதியவை வண்ணம் மின்னவும் அணிவகுத்து நிற்கும். அந்த அணிவகுப்பில் நடக்கும்போது மச்சானுக்கு எப்போதும் நெஞ்சு நிமிரும். அன்று பாதி வழியில் அவர் செல்போன் சிணுங்கியது. கட்டுமாவடிக்காரரின் குரல் பதிவு. மகளின் வாழ்க்கை முடிவாகப் போகும் நேரத்தில் ஒரு தகப்பன் அதைக் கேட்டிருக்கக் கூடாது. காதில் வைத்துக் கேட்டார்.

"அண்ணே, கழட்டப் போறாங்களாம்ணே. நம்பிக்கையான எடத்துலேர்ந்து சேதி. மூஞ்சியக் காட்டுறாங்களாம். நமக்கு எழவு விழுந்த மாதிரிதான்."

மச்சான் அந்த முகத்தோடுதான் அய்யனார் முன்னால் போய் நின்றார். பூசாரி பொட்டலங்களைப் போட்டார்.

"மனசுல நெனச்சுக்கங்க. வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பூவ பாப்பா எடுக்கட்டும்."

மச்சான் கண்ணை மூடினார். மகள் அவரை ஒட்டி நின்று, ஒரு நிமிடம் தலைகுனிந்து, பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தாள். இலையைப் பிரித்தார். நந்தியாவட்டை, வெள்ளை வெளேரென்று இருந்தது.

என் மனைவி குலவையிட்டாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சான் மட்டும் சிவப்பைப் பார்த்தவர் மாதிரி நின்றார். திரும்பும்போது என்னைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு, வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். டீ வந்த பிறகும் குடிக்கவில்லை.

"மாப்ள, தப்பு நடந்துபோச்சு."

"என்ன தப்பு? வெள்ளப் பூதானே வந்துருக்கு?"

"அதான் தப்பு. கண்ண மூடுனேன். கல்யாணத்தத்தான் கேக்கணும்னு நெனச்சேன், சத்தியமா. உள்ளேர்ந்து அது வந்துருச்சு."

"எது?"

அவர் டீக்கடைக்காரருக்குக் கேட்காதபடி குனிந்தார். "படத்துல கழட்டுவாங்களான்னு கேட்டுட்டேன்."

அய்யனார் வரலாற்றில் எத்தனையோ கேள்விகளைச் சந்தித்திருப்பார். ஆடு தொலைந்தது, மழை தவறியது, மருமகள் கோபித்துப்போனது. வேற்றுலகச் சிப்பாயின் தலைக்கவசம் பற்றி வெளிநாட்டுப் படக்காரர்கள் என்ன முடிவெடுத்திருக்கிறார்கள் என்ற கேள்வி அவருக்குப் புதிது. அதற்கும் அசராமல் வெள்ளைப் பூ கொடுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சான் முகத்தைப் பார்த்து டீயை விழுங்கினேன்.

"சரி விடுங்க, திரும்ப ஒரு நாள் போயி ஒழுங்காக் கேட்டுருவோம்."

"சாமிய ரெண்டு தடவ கேட்டா நம்பலைன்னு ஆயிரும் மாப்ள. ஆகாது."

"அப்பப் பூவ அப்படியே வச்சுக்கங்க. வெள்ள வெள்ளதானே."

"வேற எதுக்கோ வந்த பதில வச்சுப் பொண்ணக் குடுக்கச் சொல்றியா? நாளைக்கு அது கண்ணக் கசக்கிக்கிட்டு வந்து நின்னா, சாமி என்னத்தானே கேக்கும்?"

ஒரு பதிவு அலுவலக எழுத்தராகப் பார்த்தாலும் அவர் சொல்வது நியாயம்தான். வேறொரு சர்வே எண்ணுக்கு எழுதிய பத்திரத்தை வைத்து இந்த நிலத்தை விற்க முடியாது.

நாட்கள் போயின. பொன்னமராவதியிலிருந்து நிச்சயத்துக்குத் தேதி கேட்டார்கள். மச்சான் ஒருமுறை ஆடி என்றார், ஒருமுறை அஷ்டமி என்றார், ஒருமுறை தோப்பில் கொட்டை பொறுக்க ஆள் இல்லை என்றார். பையனின் அப்பா என் அலுவலகத்துக்கே வந்து, "ஒங்க மச்சானுக்கு விருப்பம் இல்லைன்னா நேரடியாச் சொல்லிறச் சொல்லுங்க. எங்களுக்கும் வேற எடம் வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மேசைக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நிற்காமல் போனாள். முன்பெல்லாம் நின்று என் தோல்விகளைக் கேலி செய்துவிட்டுப் போகிறவள்.

அப்போதுதான் படத்தின் முதல் புகைப்படத்தை வெளியிட்டார்கள்.

நான் அலுவலகத்தில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் உள்ளே வந்தார். தலையில் ஹெல்மெட். போலீஸ் இல்லாத இடத்தில், அதுவும் அலுவலகத்துக்குள், அவர் தலையில் அதை நான் பார்த்தது அன்றுதான். கழற்ற மறந்திருந்தார். செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

பனிப்புயலில் கருங்கவசத்தான் நிற்கிறான். தலைக்கவசம் தலையில் இருக்கிறது. கீழே படக்குழு சொன்னதாக ஒரு குறிப்பு: படம் முழுவதும் முகம் காட்டப்படாது, கடைசிவரை.

"பாத்தியா மாப்ள? பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன். அந்தப் பொன்னமராவதிக்குப் போன் போட்டுச் சொல்லணும் இப்ப."

பத்திரம் எழுத வந்திருந்த அண்ணன் தம்பிகள் தங்கள் சண்டையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். இவருக்கு எவ்வளவு பெரிய பங்கு கிடைத்திருக்கிறதோ என்ற பொறாமை அவர்கள் முகத்தில் தெரிந்தது.

பிறகு மச்சான் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டுக்குள் முகம் மாறுவது கண்ணாடி வழியே தெரிந்தது.

"மாப்ள, சாமி வெள்ளப் பூ குடுத்துச்சே. கழட்டுவாங்கன்னுதானே அர்த்தம்?"

"ஆமா."

"அப்ப இது?"

இருபது வருடக் கொள்கை ஜெயித்துவிட்டது. ஆனால் ஜெயிக்க வேண்டுமென்றால் அய்யனார் தோற்க வேண்டும். அய்யனார் ஜெயிக்க வேண்டுமென்றால் அந்தப் புகைப்படம் பொய்யாக வேண்டும். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு கந்தர்வக்கோட்டை போனேன். தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

மகள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். மச்சான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கோயில், கண்ணை மூடியது, கேள்வி மாறியது, இப்போது வந்த புகைப்படம். சொல்லி முடித்துவிட்டு, கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகளை நேரே பார்க்கவில்லை.

"தெரியும்பா" என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"கோயில்ல ஒங்க வாய் அசஞ்சுச்சு. 'கழட்டுவாங்களா'ன்னு கேட்டீங்க. பக்கத்துலதானே நின்னேன்."

"அப்பவே ஏன் சொல்லல ஆத்தா?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். இம்புட்டு நாளாச்சு."

அவள் போய் அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து, செங்கல் கனப் புத்தகத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். பிரிக்கவில்லை. மேலே கையை வைத்துக்கொண்டாள்.

"பகடைய எறிஞ்சவங்களுக்குத்தானேப்பா அந்த எண்ணு? பக்கத்துல நின்னு கத்துனவங்களுக்கு இல்லையில்ல?"

"ஆமா" என்றார் மச்சான். அந்தப் பீரங்கி அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"பூவ எடுத்தது யாரு?"

அவர் புத்தகத்தின் மேலிருந்த அவள் கையைப் பார்த்தார்.

"நான் எடுத்தேன். நான் ஒழுங்கா என் கல்யாணத்தத்தான் கேட்டேன். வெள்ள வந்துச்சு. நீங்க கத்துனதுக்கு அது பதில் இல்லப்பா. ஒங்களுக்குச் சாமி இன்னும் ஒண்ணுமே சொல்லல."

மச்சான் வெகுநேரம் அந்தப் புத்தகத்தைப் பார்த்தார். விதி தெளிவாக இருந்தது. அவர் பொய்த்துப்போகவில்லை, அய்யனாரும் பொய்த்துப்போகவில்லை. நான் நாலு புத்தகம் படித்தும் டீக்கடையில் எனக்குத் தோன்றாதது இது. மச்சான் ஹெல்மெட்டை அப்போதுதான் கழற்றி மேசை மேல் வைத்தார். முகம் வியர்த்துப்போயிருந்தது.

"போனப் போடு மாப்ள. வளர்பிறையில தேதி பாக்கச் சொல்லு."

நிச்சயதார்த்தம் பொன்னமராவதியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தட்டு மாற்றி முடிந்த கொஞ்ச நேரத்தில் மாமனாரையும் மாப்பிள்ளையையும் காணவில்லை. தேடிப் போனால் இருவரும் ஜெனரேட்டர் பக்கத்தில், ஒரே செல்போனில் குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"மூஞ்சியே இல்லாம படம் ஓடாது மாமா. எழுதி வச்சுக்கங்க."

"ஓட வேண்டாம். ஓடுனா கண்டவனும் பாப்பான். ஆனா இந்தத் தோள்பட்டைக் கோட்டப் பாருங்க. செங்கல் கலரு. செம்மண்ணுல இருக்கணும். மொத்தத்தையும் கெடுத்துட்டானுங்க."

"அது வெளக்கு வெளிச்சம் மாமா."

"வெளிச்சமாவது ஒண்ணாவது. யாரு எடுத்த படம் இது? வெளங்குமா?"

இருவரையும் பந்திக்குக் கூப்பிடச் சொல்லித்தான் மகள் என்னை அனுப்பியிருந்தாள். நான் திரும்பி வராததால் அவளே வந்துவிட்டாள். பட்டுப்புடவையும் மாலையுமாக நின்று, இத்தனைக்கும் காரணமான அந்தப் புகைப்படத்தை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தாள்.

"இதுல ஒங்க படை எங்க மாமா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் என் செல்போனை எடுத்தேன். அதில் அந்தப் படத்தைத்தான் முகப்பில் வைத்திருக்கிறேன், ஓரத்தைப் பெரிதாக்கி. கருங்கவசத்தானின் பூட்ஸுக்கு அடியில் ஒருவன் கிடக்கிறான். சாம்பல் சட்டை. என் ஆள்தான்.

"செத்துல்ல கெடக்கான் மாமா" என்றாள்.

"கெடக்கட்டும் ஆத்தா. அந்தப் படத்துலயே மூஞ்சி தெரியுறவன் அவன் ஒருத்தன்தான்."